முருகைக்கல் தின்னும் மீனைத் தயார் தீனிக்குப் பழக்குதல்: மலையகத்து வளர்ப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கண்டி, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை ஆகிய ஊர்களில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்போர் சிலர்தான் என்றாலும், அவர்களிற் பலர் ஏதோவொரு கட்டத்தில் ஒரே முறைப்பாட்டுடன் தொலைபேசி எடுக்கிறார்கள்: அழகுக்காக வண்ணத்துப்பூச்சி மீன் போன்ற, முருகைக்கல் (பவளப்பாறை) தின்னும் மீன் ஒன்றை வாங்கிவிட்டார்கள், அது எதையும் தின்ன மறுக்கிறது. அந்த அழைப்புகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழி கெடாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். உப்பின் அடர்த்தி பார்ப்பது, புதுத் தொட்டியைப் பதப்படுத்துவது போன்ற அடிப்படைகள் வாசிப்பவருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டுள்ளேன்.

கப்பி, கோல்ட்ஃபிஷ் எல்லாம் எதைப் போட்டாலும் தின்னுது. இது மட்டும் ஏன் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது?

அது தீனி என்று அந்த மீனுக்குத் தெரியாது என்பதுதான் காரணம். முருகைக்கல் தின்னும் மீன், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பாறையின் மேற்பரப்பை ஓயாமல் கொத்தி, அதிலுள்ள பொலிப்புகள் எனப்படும் முருகைச் சிற்றுயிர்களையும் அவை சுரக்கும் சளியையும் தின்று வாழ்கிறது. உணவு என்றால் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, ஓடாமல், ஒரே மணத்துடன் இருக்கும் பொருள் என்பதே அதன் அனுபவம். மேலிருந்து மிதந்து இறங்கும் செதில் தீனியையும், நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும் இறால் துண்டையும் அது குப்பையாகவே காண்கிறது.

ஆகவே பழக்குதல் என்பது பசியைத் தூண்டும் வேலை அன்று. மீன் ஏற்கெனவே அறிந்த இடத்தில், அறிந்த விதத்தில், அறியாத உணவை வைப்பதும், அதை ஏற்றுக்கொண்ட பின் இடத்தையும் விதத்தையும் ஒவ்வொன்றாக மாற்றுவதுமே வேலை. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முனைபவர்கள்தான் மீனை இழக்கிறார்கள்.

அப்படின்னா வண்ணத்துப்பூச்சி மீன் எதையுமே வாங்கக் கூடாதா?

அப்படியில்லை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் முருகைக்கல்லை விட்டால் வேறு கதியில்லாதவை ஒரு வகை. கிடைத்தால் முருகைக்கல்லையும் கொத்தும், இல்லாவிட்டால் புழு, சிறு நண்டு, பாசி என்று எதையாவது தேடிக்கொள்ளும் மீன்கள் இன்னொரு வகை. ஓரிகா, வகபொண்டஸ், க்ளைனி ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் க்ளைனி எனப்படும் பழுப்பு மஞ்சள் மீன் மிக எளிதாகப் பழகும். நீண்ட வெள்ளைக் கொடி போன்ற முதுகுத் துடுப்புள்ள ஹெனியோகஸ் கடலில் மிதவையுயிர்களைத் தின்பதால் அதற்குப் பெரிய பயிற்சியே தேவைப்படாது. முதல் மீனாக இவற்றில் ஒன்றை வைத்துத் தொடங்குமாறு நான் சொல்வேன்.

மேயரி, ஒர்னேட்டிசிமஸ், ட்ரைஃபேசியேட்டஸ், எட்டுப் பட்டை கொண்ட ஒக்டோஃபேசியேட்டஸ் ஆகியவை முதல் வகை. மேசை வடிவ அக்ரோபோரா என்ற முருகைக்கல்லையே நம்பி வாழும் ட்ரைஃபேசியாலிஸ் இவை எல்லாவற்றிலும் பிடிவாதமானது. அதை யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பச்சை உடலில் செம்மஞ்சட் புள்ளிகள் கொண்ட ஃபைல்ஃபிஷும் அக்ரோபோராவைத் தின்னும் மீனே என்றாலும், அதைப் பழக்க வழியுண்டு. அதுபற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

இந்த மீன்களின் வாழ்வு முருகைக்கல்லோடு எவ்வளவு கட்டுண்டது என்பதற்குக் கடலே சாட்சி. 1998இல் கடல் சூடேறி முருகைக்கற்கள் வெளிறி மடிந்தபின், ஜப்பானின் ஒக்கினாவாவில் அந்த ஃபைல்ஃபிஷ் விரைவாகக் குறைந்துபோனதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளார்கள். இலங்கைக் கரையோரமும் அதே 1998இலும் மறுபடி 2016இலும் வெளிறலுக்கு ஆளானது. கடலிலேயே நெருக்கடியில் இருக்கும் மீனைப் பழக்கத் தெரியாமல் வாங்கிச் சாகவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைக்காரர் “எல்லாம் தின்னும் தம்பி, பயப்படாம கொண்டு போங்க”ங்கிறார். நம்பலாமா?

நம்ப வேண்டியதில்லை, உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். மீன் உணவை வாயில் எடுத்தது மட்டும் போதாது, விழுங்க வேண்டும். வாயில் வைத்துத் துப்பினால் அது சுவை பார்த்தது மட்டுமே. கடையில் எந்த உணவைத் தின்றதோ அதே உணவை அதே வடிவில் வீட்டிலும் முதல் நாள் கொடுக்க வேண்டும் என்பதால், அதன் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து உடலைப் பாருங்கள். பக்கவாட்டில் மட்டும் பார்த்தால் வண்ணத்துப்பூச்சி மீன் எப்போதும் தட்டையாகத்தான் தெரியும், ஆகவே நேர் முன்னாலிருந்து பாருங்கள். வயிறு உட்குழிந்திருந்தால் சில நாட்களாகப் பட்டினி. கண்ணுக்கு மேலே, நெற்றியிலிருந்து முதுகுத் துடுப்புவரையுள்ள தசை கத்தி முனைபோல் ஒடுங்கியிருந்தால், உடல் தன் தசையையே கரைத்துத் தின்னத் தொடங்கிவிட்டது. அந்த மீனை விலை குறைத்துத் தந்தாலும் விட்டுவிடுங்கள். மிகச் சிறிய குஞ்சும் வேண்டாம், முழுதாய் வளர்ந்ததும் வேண்டாம். குஞ்சின் உடலில் சேமிப்புக் குறைவு. வளர்ந்த மீனுக்குப் பழக்கம் இறுகிவிட்டிருக்கும்.

கொழும்புல நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் மூலையில ஒதுங்கிருச்சு. பயணத்துல என்னதான் நடக்குது?

மலைக்கு ஏறும் பயணத்தில் மூன்று சங்கதிகள் சேர்ந்துவிடுகின்றன. முதலாவது குளிர். கொழும்பில் 28 பாகையில் கட்டப்பட்ட பை, மாலையில் நானுஓயாவைத் தாண்டும்போது 20க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். தடித்த ரிஜிஃபோம் பெட்டியில் வைத்து, இடைவெளியைத் துணியால் அடைத்துக்கொண்டு வருவது இதற்குப் போதும். இரண்டாவது, உயரம் கூடக் காற்றழுத்தம் குறைவதால் பை உப்பிக்கொள்ளும். ஆகவே கடையில் பையை விறைக்கக் கட்டாமல் சற்றுத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் கெடுதல் செய்வது. பல மணி நேரம் மூடியிருந்த பையில் அமோனியா சேர்ந்திருக்கும். ஆனால் மீன் வெளிவிட்ட கரியமில வாயு நீரைச் சற்று அமிலமாக்கி வைத்திருப்பதால் அந்த அமோனியாவின் நச்சுத்தன்மை அடங்கியிருக்கும். பையைத் திறந்து, சொட்டுச் சொட்டாக நீர் விட்டு மணிக்கணக்கில் வைத்திருந்தால், வாயு வெளியேறி, அமோனியா முழு நச்சாக மாறும். நீண்ட பயணம் செய்த மீனுக்கு, மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். தொட்டியின் உப்படர்த்தியை முன்கூட்டியே பை நீரின் அளவுக்குக் கொண்டுவந்துவைத்து, பையைத் திறந்தவுடன் மீனை மட்டும் எடுத்துத் தொட்டிக்கு மாற்றுங்கள். அன்றிரவு விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம்.

அண்ணே, மூணு நாளாச்சு, ஒண்ணுமே தொடல. செத்துப் போயிருமா?

வயிறும் முதுகும் முன்பு சொன்னபடி நிறைந்திருந்தால், மூன்று நாட்களில் சாகாது. பயணம் முடிந்த மீன் சில நாட்கள் ஒதுங்கியிருப்பது இயல்பே. நாட்களை எண்ணாமல் உடலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தினமும் ஒரே கோணத்திலிருந்து ஒரு படம் எடுத்து வைத்தால், மெலிவை மனம் மறைக்க முடியாது.

தீனியைக் குறை சொல்வதற்கு முன் மீன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது தனித்தொட்டியில் இருக்க வேண்டும். டேம்சல், சர்ஜன் போன்ற சுறுசுறுப்பான மீன்கள் நடுவே விட்டால், அது ஒரு பொருளைப் பார்த்து யோசிப்பதற்குள் மற்றவை விழுங்கிவிடும். ஒதுங்க இரண்டு மறைவிடம், மென்மையான நீரோட்டம், முன்னால் அடிக்கடி ஆள் நடமாட்டம் இல்லாத சுவர் ஆகியவை போதும்.

நாங்க நுவரெலியா. குளிருக்கும் மீன் தின்னாததுக்கும் சம்பந்தம் இருக்கா?

நிச்சயமாக உண்டு. கொழும்பில் வளர்ப்பவர் நீரைக் குளிர்விக்கச் செலவழிக்கிறார். நாம் சூடாக்கச் செலவழிக்கிறோம். நீர் 23 பாகைக்குக் கீழே இறங்கினால் வெப்பவலய மீனுக்குச் செரிமானம் மந்தமாகும், பசியும் போகும். பகலில் 26 இருந்து, விடியற்காலையில் 21க்கு இறங்கும் தொட்டியைப் பலர் கவனிப்பதே இல்லை, ஏனெனில் அவர்கள் வெப்பமானியைப் பார்ப்பது மாலையில்தான். விடிந்ததும் முதல் வேலையாகப் பாருங்கள். பெரிய ஹீட்டர் ஒன்றைவிடச் சிறியவை இரண்டு நல்லது. ஒன்று பழுதானால் மற்றது தாங்கும், ஒன்று அணையாமல் எரிந்தாலும் மீன் வெந்துபோகாது.

ஒட்சிசன் விடயம் இதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. கடல் மட்டத்தில் 25 பாகையிலுள்ள கடல்நீர், லீற்றருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கே என்பதால், அதே நீரில் 5.4 மில்லிகிராம் அளவுதான் கரையும். அதற்குமேல் தீனி மிச்சம் அழுகினால் மீன் மூச்சுக்கே போராடும்; மூச்சுக்குப் போராடும் மீன் தின்னாது. நீரின் மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டிருக்கும்படி காற்றுப் பம்பை வையுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. பட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

சரி, முதல்ல எதைக் குடுக்கிறது?

அசைவதையும் ஒட்டியிருப்பதையும் ஒரே நாளில் கொடுத்துப் பாருங்கள். ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் இறாலை உயிரோடு விட்டால், அதன் துள்ளல் பல மீன்களை முதற்கொத்துக்கு இழுக்கும். அதற்கு மசியாத மீன், வாய் திறந்த மட்டியின் சதையைக் கொத்தும். இரண்டில் எது வேலை செய்கிறதோ அதிலிருந்து தொடருங்கள்.

ஆர்ட்டீமியாவை மட்டும் கொடுத்து நாட்களை ஓட்டக் கூடாது. வளர்ந்த ஆர்ட்டீமியாவில் சத்து மிகக் குறைவு. பொரித்த குஞ்சிலுள்ள கருச்சத்தும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கொடுப்பதற்கு முன் பாசித் தூளோ மீனெண்ணெய்ச் சத்துக் கரைசலோ கலந்த நீரில் அவற்றை மேயவிட்டால், அந்தச் சத்து மீனுக்குப் போய்ச் சேரும். மீனை வாய் திறக்க வைப்பதோடு ஆர்ட்டீமியாவின் வேலை முடிந்துவிடுகிறது.

ஆர்ட்டீமியா முட்டை ரெண்டு தடவை போட்டும் பொரிக்கல. சரக்கு பழசா?

பழசாக இருக்கலாம், ஆனால் மலையகத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது குளிரை. முட்டை நன்றாகப் பொரிக்க 25 முதல் 28 பாகை வேண்டும். அப்போது ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். சமையலறை மேசையில் 18 பாகையில் வைத்த போத்தலில் மிகத் தாமதமாகவும் கொஞ்சமாகவுமே பொரிக்கும். போத்தலைத் தொட்டி நீருக்குள்ளேயே கழுத்துவரை இறக்கிக் கட்டிவிட்டு, காற்றுக் குழாயை அடிவரை விடுங்கள்.

பொரித்தபின் கூட்டமாகச் செத்தால் நீரைச் சந்தேகியுங்கள். தேயிலையில் வரும் கொப்புள நோய்க்குச் செப்பு கலந்த மருந்து தெளிப்பது தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். தேயிலை மலைக்குக் கீழே ஊறும் பீலித் தண்ணீர் நமக்குக் குடிக்க இனிமையாக இருக்கலாம். ஆனால் செப்பு மிகச் சிறிய அளவில் இருந்தாலும் ஆர்ட்டீமியா, மட்டி, முருகைக்கல் போன்ற முள்ளந்தண்டில்லாத உயிர்களுக்கு நஞ்சு. உப்புக் கரைக்க ஆர்.ஓ. (தலைகீழ் சவ்வூடு பரவல்) முறையில் வடிகட்டிய நீரையே பயன்படுத்துங்கள்.

மட்டி எங்க வாங்குறது, எப்படிக் குடுக்கிறது?

கடலோர ஊருக்குப் போய்வரும் உறவினரிடமோ, ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரிடமோ முன்கூட்டியே சொல்லிவைத்தால் கொண்டுவந்து தருவார்கள். நன்றாகக் கழுவி, சில நாட்கள் உறைபெட்டியில் வைத்து, வேண்டியபோது எடுத்துக் கரையவிடுங்கள். உறையவைப்பது ஒட்டுண்ணிகளிற் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். மட்டி கிடைக்காத வாரத்தில் தோலுரித்த இறாலையோ கணவாயையோ பொடியாக நறுக்கி, காலி மட்டி ஓட்டுக்குள் அழுத்திக் கொடுக்கலாம்.

ஒரு பக்க ஓட்டை மட்டும் நீக்கி, சதை மேலே தெரியும்படி, மீன் வழக்கமாக நிற்கும் மட்டத்தில் கல்லிடுக்கில் செருகிவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மீன் நேரே வராமல் பக்கவாட்டில் நகர்ந்து வருவதைக் காண்பீர்கள். ஒரு கண்ணைச் சதையின்மேல் வைத்து, உடலைச் சற்றுச் சாய்த்து, அசையாமல் நிற்கும். பிறகு ஒரு கொத்து, உடனே பின்வாங்கல். சிறிது நேரம் கழித்து இன்னொரு கொத்து. இரண்டாவது கொத்தில் தொண்டைக்குக் கீழே ஒரு சிறு அசைவு தெரிந்தால், விழுங்கிவிட்டது என்று பொருள். மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி கிடைப்பதில்லை.

பசை செஞ்சு கல்லுல தடவிக் குடுக்கிறதா சொல்றாங்களே, அது எப்படி?

இந்தத் தொகுப்பில் ஒரேயொரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். முருகைக்கல்லைக் கொத்தும் பழக்கத்தை மாற்றாமலேயே உணவை மட்டும் மாற்றும் வழி இது. சம அளவில் மட்டிச் சதையும் இறாலும், அதில் பாதியளவு கணவாயும், கிடைத்தால் கொஞ்சம் மீன்சினையும் எடுத்து, உப்பும் மசாலாவும் சேராத கடற்பாசித் தாள் ஒன்றைக் கிழித்துப் போட்டு நைசாக அரையுங்கள். பிற்காலத்தில் எந்தக் குருணைத் தீனியை மீன் தின்ன வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அதை இப்போதே பொடித்து ஒரு பங்கு சேர்த்துவிடுங்கள். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். முதல் நாளிலிருந்தே அதன் சுவை நாக்கில் ஏறியிருந்தால் பின்னால் போராட்டம் பாதியாகும்.

கலவை நீரில் கரையாமல் ஒட்டியிருக்க, பெருநாளைக்குக் காய்ச்சும் அதே வெள்ளைக் கடற்பாசி (அகர்) போதும். தொட்டி நீரின் வெப்பத்தில் ஜெலட்டின் இளகத் தொடங்கும், கடற்பாசி அசையாது. கடற்பாசியைக் கொதிநீரில் முழுதாகக் கரைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, இறுகுவதற்குள் அரைத்த கலவையையும் விற்றமின் துளிகளையும் சேர்த்துக் கிளறுங்கள். கொதிக்கும்போது சேர்த்தால் விற்றமின் வீணாகும். வெள்ளைப்பூண்டு சேர்த்தால் பசி வரும் என்று பலர் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், அது மீனைவிட வளர்ப்பவரின் மனத்துக்கே மருந்து.

தடவுவதற்குச் செத்த முருகைக்கல்லைத் தேடிக் கடற்கரைக்குப் போக வேண்டாம். எண்ணெய் படாத, மினுக்குப் பூசாத மண்சட்டி உடைந்த ஓடு ஒன்றை எடுத்து, பொரப்பொரப்பான பக்கத்தில் ஆணியால் சிறு குழிகள் கீறிக்கொள்ளுங்கள். குழிகளுக்குள் பசை போகும்படி மெல்லிய பூச்சாகத் தடவி, சற்று நேரம் உறைபெட்டியில் வைத்து இறுக்கி, தொட்டியில் சாய்த்து வையுங்கள். தடிப்பாகத் தடவினால் கட்டியாகப் பெயர்ந்து விழும். மீன் மிரளும், நீரும் கெடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓட்டை எடுத்துவிடுங்கள். எப்போதும் ஒரே ஓடு, ஒரே இடம்.

கொத்துது, ஆனா உடனே துப்பிருது. பிடிக்கலையா?

இது நல்ல சகுனம். பொருளை உணவாக இருக்கலாம் என்று மீன் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டது. துப்புவதற்குப் பெரும்பாலும் சுவை காரணமல்ல. துண்டு பெரிதாகவோ இறுக்கமாகவோ இருக்கும். இன்னும் நைசாக அரைத்து, கடற்பாசியின் அளவைக் குறைத்து, பூச்சை மெல்லியதாக்குங்கள். இந்தக் கட்டத்தில் செய்முறையை நாளுக்கொன்றாக மாற்றுபவர்கள் மீனை மறுபடி முதற்படிக்கே தள்ளிவிடுகிறார்கள்.

ஓட்டுல இருந்து தின்னுது. இனி சாதாரணத் தீனிக்கு எப்படிக் கொண்டு வர்றது?

ஓட்டைத் தொட்டியில் வைக்கும்போதே, உறையவைத்த மைசிஸ் இறாலைக் கரைத்து நறுக்கி, சிறு குழாயால் ஓட்டின் மேல் விழும்படி விடுங்கள். ஓட்டில் தங்கிய துண்டுகளை மீன் பசையோடு சேர்த்துக் கொத்தும். பிறகு ஓட்டைவிட்டுச் சறுக்கும் துண்டைத் துரத்திப் பிடிக்கும். மிதக்கும் துண்டைத் துரத்தும் அந்த நாள்தான் உண்மையான திருப்பம். அதன்பின் பசையின் அளவைக் குறைத்துக்கொண்டே வரலாம். குருணையை ஊறவைத்து, மைசிஸுடன் கலந்து, அதே குழாயால் அதே இடத்தில் விடுங்கள். ஓட்டை முற்றாக நீக்குவதற்கு அவசரப்பட வேண்டாம். மீனுக்கு அதுவே சாப்பாட்டு மேசை.

ஃபைல்ஃபிஷுக்கும் இதே முறைதானா?

அடிப்படை அதுவே, அளவுகள் வேறு. செம்மஞ்சட் புள்ளி ஃபைல்ஃபிஷின் வாய் ஒரு சிறு குழாய் முனை. அதற்கு மைசிஸ்கூடப் பெரியது. ஆர்ட்டீமியாக் குஞ்சு, சைக்ளோப்ஸ் என்ற நுண்ணிய நீருயிர், மிகச் சிறிய மீன்சினை என்பவற்றில் தொடங்க வேண்டும். கடலில் அது சோடியாக வாழும் மீன் என்பதால், சோடியாக வாங்கினால் இரண்டும் நிதானமாக இருக்கும். ஒன்று தின்னத் தொடங்கினால் மற்றதும் பார்த்துக் கற்கும். உடல் சிறியதால் சேமிப்பும் சிறியது. ஐந்தாவது கேள்விக்குச் சொன்ன நிதானம் இதற்குப் பொருந்தாது, வந்த மறுநாளே உணவு வைக்க வேண்டும்.

இம்மீன் தான் தின்னும் முருகைக்கல்லின் மணத்தையே தன் உடலிலும் ஏற்றிக்கொள்வதால், வேட்டை மீன்களால் அதை மோப்பம் பிடித்துக் கண்டறிய முடிவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உணவோடு இவ்வளவு இறுகிய மீனையும் பழக்க முடியும் என்பதற்கு, அமெரிக்காவின் மாட் பெடர்சன் அதைத் தயார் தீனிக்குக் கொண்டுவந்ததோடு வீட்டுத் தொட்டியில் குஞ்சும் எடுத்து வளர்த்தது சான்று.

இவ்வளவு பாடு எதுக்கு? உசுருள்ள முருகைக்கல்லையே வாங்கிப் போட்டா என்ன?

ஒரு சோடி மீன் கொத்தும் வேகத்துக்குத் தொட்டியில் எந்த முருகைக்கல்லும் ஈடுகொடுத்து வளராது. வளர்ப்பில் வெட்டியெடுத்த சிறு துண்டுகளை, மீனின் உயிரைச் சில நாட்கள் பிடித்து வைக்கும் பாலமாகப் பயன்படுத்துவது உண்டு. அதைத் தொடர் உணவாக்குவது பணத்தாலும் முடியாது, நியாயமும் இல்லை.

கடலிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இலங்கையில் உயிருள்ள முருகைக்கல்லை எடுப்பது சட்டப்படி தடை. கல் முருகை இனங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் வெளிநாட்டிலிருந்து அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டுவரவும் முடியாது.

நல்லாத்தான் தின்னுது, ஆனாலும் மெலிஞ்சுக்கிட்டே போகுது. இது என்ன கதை?

முதலில் எத்தனை முறை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். பகல் முழுதும் கொத்தித் தின்று வாழும் உடலுக்குக் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை போதாது. நாளுக்கு ஐந்தாறு முறை, சிறுகச் சிறுக வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் மெல்லிய பூச்சுள்ள ஓடொன்றை வைத்துவிட்டு, வீட்டிலிருப்பவரிடம் நண்பகலில் மாற்றச் சொல்லலாம். ஒருவரும் இல்லாத வீட்டில் இந்த மீன் வேண்டாம்.

இரண்டாவது, உணவின் குறை. மட்டி, சில இறால், சில மீன் ஆகியவற்றில் விற்றமின் பி1ஐ அழிக்கும் நொதியம் உண்டு. அவற்றையே மாதக்கணக்கில் கொடுத்தால் தின்றும் பலனிருக்காது. பசையில் பி1 சேர்ப்பதும், மைசிஸையும் குருணையையும் விரைவில் கொண்டுவருவதும் இதனால்தான்.

மூன்றாவது, ஒட்டுண்ணி. வெள்ளை நூல்போல் எச்சம் தொங்கினால் குடலில் புழுவோ நுண்ணுயிரோ இருக்கலாம். வண்ணத்துப்பூச்சி மீன்களின் செவுளிலும் தோலிலும் தட்டைப்புழுக்கள் மிகச் சாதாரணம். தட்டைப்புழுக்களுக்குப் பிரசிகுவான்டெல் போன்ற மருந்தை, மீன் பற்றித் தெரிந்த கால்நடை வைத்தியரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்குக் கொடுக்கும் செப்பு மருந்தை மட்டும் முன்னெச்சரிக்கையாகக் கொடுக்காதீர்கள்; அது பசியை அடக்கும், பழக்கும் காலத்தில் அதுவே மீனைக் கொன்றுவிடும்.

இத்தனை தடவை தீனி போட்டா தண்ணி கெட்டுப் போகாதா?

கெடும். தனித்தொட்டியில் அடியில் மணல் போடாமல் வைத்தால், ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சிவிடலாம். தினமும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். மாற்றும் நீரைத் தொட்டியின் வெப்பத்துக்குச் சூடாக்கியபின் ஊற்றுங்கள். அமோனியா தென்பட்டால் தீனியைக் குறைக்காமல் நீரை மாற்றுங்கள்.

எப்ப பெரிய தொட்டிக்கு மாத்தலாம்?

மிதக்கும் உணவைத் துரத்தித் தின்னவும், முதுகுத் தசை நிரம்பவும் தொடங்கியபின். மாற்றும்போது அதே ஓட்டையும் கூடவே மாற்றுங்கள். பெரிய தொட்டியில் முருகைக்கல் வளர்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: குருணை தின்னப் பழகிய மீன் கொத்தும் பழக்கத்தை மறப்பதில்லை.

எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. தின்னல. திரும்பக் கடல்லயே விட்டுறலாமா?

கூடாது. தொட்டியில் பிற நாட்டு மீன்களோடு ஒரே நீரில் இருந்த மீன், அவற்றின் நோயையும் கொண்டுபோகும். பட்டினியில் மெலிந்த மீன் அறியாத பாறையில் இரையாகிவிடும். வேறு வழிகள் உண்டு. வயிறு குழியத் தொடங்கியதுமே, முதுகு ஒடுங்கும்வரை காத்திராமல், முருகைக்கல் நிறைந்த பழைய தொட்டி வைத்திருப்பவரிடமோ வாங்கிய கடையிடமோ கொடுத்துவிடுங்கள்.

அதற்கு முன் இன்னும் ஒன்றைச் செய்து பார்க்கலாம். தொட்டியின் நடுவே துளையிட்ட கண்ணாடித் தடுப்பு ஒன்றை வைத்து, மறுபக்கத்தில் நன்றாகத் தின்னும் க்ளைனி ஒன்றை விடுங்கள். இரண்டு ஓடுகளைத் தடுப்பின் இருபுறமும் ஒன்றையொன்று பார்க்கும்படி சாய்த்து வைத்தால், க்ளைனி கொத்துவதைப் பார்த்து மற்றதும் தன் பக்க ஓட்டை நோக்கி வருவதுண்டு. தடுப்பை எடுத்துவிட்டால் க்ளைனியே இரண்டு ஓட்டையும் காலி செய்துவிடும். ஆகவே பழகும் மீன் விழுங்கத் தொடங்கி, அதன் வயிறு நிரம்பும்வரை தடுப்பு இருக்கட்டும்.